எர்த் பாத்தியா?

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெட்ராய்ட் பக்கம் வெளியே மைனஸ் பதினாறு. பையனின் தமிழ்ப் பள்ளி முடிந்து நாலு பேரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிக்னல் சிவப்பானது. வழக்கம்போல பிரேக் மேல் காலை வைத்தேன். பெடல் கல்லு மாதிரி நின்றது. டாஷ்போர்டில் சிவப்பில் ஒரு விளக்கு, மஞ்சளில் ரெண்டு. உடம்பு பலம் மொத்தத்தையும் போட்டு மிதித்த பிறகுதான் வண்டி நின்றது. முன்னால் நின்ற வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

"ஐஸா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்ல, பிரேக்."

அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. பக்கத்து பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டி, இழுவை வண்டிக்குப் போன் போட்டோம். நண்பர் ஒருவர் வந்து குடும்பத்தை வீட்டில் சேர்த்தார். கார் மட்டும் தனியாக ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்ந்தது.

அன்று ராத்திரி சிப்பிகாட்டுக்குப் போன் செய்தேன். அங்கே திங்கட்கிழமை விடிந்துவிட்டிருந்தது. சித்தப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எர்த் பாத்தியாப்பா?"

எனக்குக் கொஞ்சம் சிரிப்பு. "சித்தப்பா, இது உங்க ஜீப் இல்ல. இதுல பிரேக்குக்குப் பலம் கொடுக்கிறதே எலக்ட்ரிக் மோட்டார். உள்ளயே கம்ப்யூட்டர் இருக்கு" என்றேன்.

"சரிப்பா. கம்ப்யூட்டருக்கும் கரண்டு வேணும்ல? போன கரண்டு திரும்பி வரணும்ல?"

பதில் சொல்லத் தெரியாமல் பேச்சை மாற்றிவிட்டேன். இத்தனைக்கும் என் வேலை கார் கதவுக்குள் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர்களின் மென்பொருளைச் சோதிப்பது. ஹும்!

சிப்பிகாட் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பெயரைப் பார்த்து காடு என்று நினைக்க வேண்டாம். இந்தியில் 'காட்' என்றால் படித்துறை. தெற்கு அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகிற வழியில் இருக்கிற ஊர். (2024ல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சித்தப்பா இன்னும் பிளேர் என்றுதான் சொல்கிறார்.) ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறிப் போனவர் ரோட்டோரத்தில் ஒரு ஷெட் போட்டு ஜீப், வேன், லாரி என்று கைக்கு வந்ததையெல்லாம் ரிப்பேர் செய்தார். என் பள்ளி விடுமுறைகள் பாதி அந்த ஷெட்டில்தான் கழிந்தன.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன். "பிரேக் பூஸ்டர் போயிடுச்சு. கம்ப்யூட்டர்ல எரர் கோட் வந்திருக்கு. முழு யூனிட்டும் மாத்தணும். 2,400 டாலர்." யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த ரெண்டு ராத்திரியும் இதைத் தோண்டிப் படித்தேன். பிரேக்குக்குள் மின்சாரம் எப்படி நுழைந்தது என்கிற கதை அதில் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காற்று பிடித்த பிரேக்

கதை காரில் ஆரம்பிக்கவில்லை, ரயிலில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869ல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். எஞ்சினில் அழுத்தமேற்றிய காற்று, குழாய் வழியாக எல்லாப் பெட்டிகளுக்கும் போய் பிரேக்கை அழுத்தும். ஒரே ஒரு சிக்கல். குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது. 1872ல் அவரே இதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், அழுத்தம் போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போனால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுவது என்கிற அந்த யோசனைதான் இந்தக் கதை முழுக்க வரப்போகிறது.

காருக்கு வருவோம். 1921ல் டூசன்பெர்க் கார் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. மிதிக்கிற பலம் எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குப் போனது. ஆனால் மிதிப்பது மனுஷன் கால்தானே? வண்டிகளின் எடையும் வேகமும் ஏற ஏற கால் பலம் போதவில்லை. 1920களின் கடைசியில் பெல்ஜியத்தின் ஆல்பர்ட் டெவாண்டர் வடிவமைத்த வெற்றிட பூஸ்டரை பாஷ் கம்பெனி தயாரிக்க ஆரம்பித்தது. 1928ல் அமெரிக்காவின் பியர்ஸ் ஆரோ காரில் இதே மாதிரி ஒன்று வந்தது.

தத்துவம் ரொம்ப எளிது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அதன் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. ஒரு பெரிய டப்பாவின் நடுவில் ரப்பர் தகடு. ஒரு பக்கம் வெற்றிடம், பெடலை மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று. பத்து அங்குல விட்டமுள்ள தகட்டில் நல்ல வெற்றிடம் இருந்தால், சுமார் 350 கிலோ எடை வைத்துத் தள்ளுகிற மாதிரி பலம் கிடைக்கும். கட்டணம் இல்லாத வேலைக்காரன்!

இதில் மின்சாரமே இல்லை என்பதைக் கவனியுங்கள். சோதிக்கவும் எந்தக் கருவியும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதிக்க வேண்டும், அது இறுகிப்போகும். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் ஒரு அங்குலம் போலக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டருக்கு உயிர் இருக்கிறது. சித்தப்பா ஒவ்வொரு வண்டியிலும் இதைத்தான் முதலில் செய்வார். நான் எட்டாவது படிக்கும்போது 'ஸ்டார்ட் பண்ணுடா' என்று சாவியைத் திருப்ப விட்டது இதற்காகத்தான்.

டீசல் வண்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. டீசல் எஞ்சின் உறிஞ்சும் பக்கத்தில் போதுமான வெற்றிடம் கிடைக்காது. அதனால் தனி பம்ப் வேண்டும். நம்மூர் டீசல் ஜீப்புகள் பலவற்றில் அந்த பம்ப்பை ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலேயே பொருத்தியிருப்பார்கள். பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜும் போகும், பிரேக் பலமும் போகும். "சார்ஜ் லைட் எரிஞ்சா பேட்டரிக்காரன்கிட்ட போகாதே, முதல்ல பிரேக்க மிதிச்சுப் பாரு" என்பார் சித்தப்பா. ஒரு மின் விளக்கைப் பார்த்து பிரேக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம் என்று நான் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

வயர் உள்ளே வந்த கதை

ரொம்ப நாள் வரைக்கும் பிரேக்கில் மின்சாரம் என்றால் பின்னால் எரியும் சிவப்பு விளக்கு மட்டும்தான். 1971ல் கிரைஸ்லர், பெண்டிக்ஸ் கம்பெனியோடு சேர்ந்து இம்பீரியல் காரில் நாலு சக்கரத்துக்கும் ஆன்டி லாக் பிரேக் வைத்தது. சக்கரத்துக்குச் சக்கரம் சென்சார். ஏதாவது ஒன்று சுழலாமல் பூட்டிக்கொண்டால், கம்ப்யூட்டர் அந்த பிரேக்கை லேசாக விட்டுப் பிடிக்கும்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. அமெரிக்க அரசு 1975ல் கொண்டுவந்த விதியால் பெரிய லாரிகளுக்கெல்லாம் இந்த மாதிரி பிரேக் தேவைப்பட்டது. அந்தக் கால எலக்ட்ரானிக்ஸ் லாரியின் அதிர்வையும் ஈரத்தையும் தாங்கவில்லை. வழக்கு நடந்து, 1978ல் நீதிமன்றம் அந்தப் பகுதியைத் தள்ளிவைத்தது. அதே 1978ல்தான் பாஷ் தன் ஏபிஎஸ்ஸை மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் கொண்டுவந்தது, அது நிலைத்தும் விட்டது.

இதுவரைக்கும் மின்சாரம் பிரேக்கை விடச் சொல்கிற வேலையைத்தான் பார்த்தது. 1980களின் நடுவில் டெவெஸ் கம்பெனியின் அமைப்பு லிங்கன் மார்க் 7 மாதிரி கார்களில் வந்தபோது பலம் கொடுக்கிற வேலையும் அதன் கைக்குப் போனது. வெற்றிட டப்பா போய், மின்சார பம்ப் எண்ணெயை அழுத்தி ஒரு உருண்டையில் சேர்த்து வைத்தது. அழுத்தம் சுமார் 140 பாருக்கு இறங்கினால் பம்ப் ஓடும், சுமார் 180ல் நிற்கும். 105 போல இறங்கினால் எச்சரிக்கை விளக்கு.

மெக்கானிக்கின் வேலை மாறியது இங்கேதான். பெடல் இறுகினால் இதுவரை ஓட்டையான ஹோஸைத் தேடினால் போதும். இப்போது ஃபியூஸ், ரிலே, அழுத்த சுவிட்ச், பம்ப் மோட்டார், இவற்றுக்கு நடுவில் ஓடும் வயர், எர்த் என்று ஆறேழு சந்தேக நபர்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996லிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சோதனை பிளக் வந்தது. அதில் கருவியைச் சொருகினால் எரர் கோட் படிக்கலாம். 2001ல் மெர்சிடிஸ் முழுக்க மின்சாரக் கட்டளையில் ஓடும் பிரேக்கைக் கொண்டுவந்தது. கோளாறுகள் வந்ததால் 2004ல் 6,80,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். மின்சாரம் போனால் முன் சக்கரங்களுக்கு மட்டும் நேரடியாக எண்ணெய் அழுத்தம் போகிற மாதிரி அதில் ஏற்பாடு இருந்தது. வெஸ்டிங்ஹவுஸ் யோசனையின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013ல் பாஷ், மோட்டார் வைத்த பூஸ்டரை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் வெற்றிடம் தர எஞ்சின் எப்போதும் ஓடாது அல்லவா? அதனால் இந்த மாதிரி பூஸ்டர் பரவியது. என் காரில் இருப்பதும் அந்த ஜாதிதான். கரண்டு போனாலும் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அன்று சிக்னலில் என் கால் பலத்தில் வண்டி நின்றது அதனால்தான்.

உப்பு

இனி வில்லன் வருகிறான். அமெரிக்காவில் 1941-42 குளிர்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ரோட்டில் பனி உருக உப்பு கொட்டும் முறையைக் கைக்கொண்டது. பிறகு குளிர் மாநிலங்கள் எல்லாம் பிடித்துக்கொண்டன. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் மேல் ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? கார் செய்கிற ஊருக்குக் கீழேயே காரைத் தின்கிற சாமான்!

அது எப்படித் தின்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2005ல் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1999 முதல் 2002 வரையான மாடல் பிக்கப், எஸ்யூவி வண்டிகள் சுமார் 8 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. உப்பு போடுகிற 14 மாநிலங்களில் மட்டும். புகார் விசித்திரமானது. வண்டி நிற்கப்போகிற கடைசி நேரத்தில், மணிக்கு 16 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில், காரணமே இல்லாமல் ஏபிஎஸ் வேலை செய்து பிரேக்கை விட்டது. வண்டி நிற்க வேண்டிய இடம் தாண்டிப் போனது.

காரணம் இதுதான். முன் சக்கர சென்சார் உட்கார்ந்திருந்த இரும்பில் துரு ஏறியது. துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். அது சென்சாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிவிட்டது. இந்த வகை சென்சார் சக்கரம் வேகமாகச் சுற்றினால் பலமான சிக்னலும், மெதுவாகச் சுற்றினால் பலவீனமான சிக்னலும் தரும். இடைவெளி கூடியதால், மெதுவாக ஓடும்போது சிக்னல் காணாமலே போனது. சக்கரம் பூட்டிக்கொண்டது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி பிரேக்கை விட்டது. கம்ப்யூட்டர் கெடவில்லை, சென்சார் கெடவில்லை, வயர் கெடவில்லை. சென்சாருக்கு அடியில் துரு, அவ்வளவுதான். சோதனைப் பிளக்கை மட்டும் நம்பியிருந்தால் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்சம் வேகத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததே!

இதைப் படித்த இடத்தில் எனக்கு சிப்பிகாட் கண்ணில் வந்தது.

2004 டிசம்பர் 26. பூகம்பத்தில் போர்ட் பிளேர் பக்கத்து நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. வடக்கு அந்தமானில் நிலம் உயர்ந்தது, எங்கள் பக்கம் இறங்கியது. சுனாமி வந்து போன பிறகும் சிப்பிகாட் வயல்களை விட்டுக் கடல் போகவில்லை. ஏற்றத்துக்கு ஏற்றம் உள்ளே வந்தது. நெல் விளைந்த இடங்களில் இன்றைக்குப் பறவை பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

அடுத்த வருஷம் லீவில் போயிருந்தேன். சித்தப்பா ஷெட் வாசலில் உப்புத் தண்ணீர் பார்த்த வண்டிகள் வரிசையாக நின்றன. வெளியே கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. அவர் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி உள்ளே காட்டினார். செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. நான் சென்னையிலிருந்து பெருமையாக ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கொண்டுபோயிருந்தேன். ஒரு ஜீப்பின் பிரேக் லைட் வயரில் வைத்துப் பார்த்து, "12 வோல்ட் வருது சித்தப்பா, வயர் நல்லாருக்கு" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஹெட்லைட் பல்பை அதே வயரில் கோர்த்தார். பல்பு மண்ணெண்ணெய் விளக்குத் திரி மாதிரி மங்கலாக எரிந்தது.

"உன் மீட்டர் ஒண்ணும் குடிக்கிறதில்ல தம்பி. அதான் குழாயில தண்ணி இருக்குன்னு சொல்லுது. பல்பு குடம் குடமா கேக்குது. குழாய் அடைச்சிருக்கான்னு அதுக்குத்தான் தெரியும்."

பொறியியல் கல்லூரியில் நாலு வருஷம் படித்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான் புரிந்தது. வயரில் நூறு இழையில் தொண்ணூற்றெட்டு அரித்துப் போயிருந்தாலும், கரண்டு இழுக்காத மீட்டர் 12 வோல்ட்டையே காட்டும். சுமை வைத்தால்தான் குட்டு வெளிப்படும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குகிறதா? பல்பை மாற்றாதே, எர்த்தைப் பார். திரும்பிப் போக வழி இல்லாத கரண்டு, பக்கத்து வீடு வழியாகப் போகப் பார்க்கிறது என்பார்.

அந்த வருஷம் அவர் அவசரப்பட்டு ஒரு வண்டியையும் வெளியே விடவில்லை. "ஓடுதே, போதும்" என்று கேட்டவர்களிடம், "ஓடுறது பெருசில்ல, நிக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். கோபித்துக்கொண்டு வேறு இடம் போனவர்களும் உண்டு.

மறுபடி டெட்ராய்ட்

புதன்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு நேரில் போனேன். எரர் கோட் என்ன சொல்கிறது என்று எழுதித் தரச் சொன்னேன். 'பூஸ்டர் யூனிட்டுக்கு வரும் மின்னழுத்தம் குறைவு' என்று இருந்தது. கவனியுங்கள், யூனிட் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. எனக்குச் சாப்பாடு வரவில்லை என்று யூனிட் புகார் கொடுத்திருக்கிறது. புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே போடுகிற மாதிரி, யூனிட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

"ஒரு மணி நேரக் கூலி தருகிறேன், எர்த் பக்கம் மட்டும் சுமையோடு சோதித்துப் பாருங்கள்" என்று கேட்டேன். அங்கே இருந்த வயசான மெக்கானிக் முறைக்கவில்லை, சிரித்தார். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், இன்னொரு முனை பூஸ்டரின் எர்த் வயரில். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்து விட்டார். மோட்டார் கரண்டு இழுக்கும்போது அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், ஒன்றிரண்டு பத்தில் ஒரு பங்கு வோல்ட் இருந்தால் தப்பில்லை. எங்கள் மீட்டர் 1.6 வோல்ட் காட்டியது. பேட்டரித் தட்டைக் கழற்றினால், எர்த் வயர் பாடியில் பொருந்துகிற போல்ட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. சிப்பிகாட்டில் பார்த்த அதே பச்சை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது முனை வைத்து முறுக்கி, துரு பிடிக்காமல் கிரீஸ் தடவினார்கள். மறுபடி சோதித்தபோது 0.08. எரர் கோட்டை அழித்து, காலி இடத்தில் ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் கையில் கொடுத்தார்கள். பில் 190 டாலர். அந்த மெக்கானிக் சொன்னது: "கம்பெனி கொடுக்கிற சோதனைப் பட்டியலில் இதுதான் முதல் படி. அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற படியும் இதுதான்."

இதைப் படித்துவிட்டு யாரும் பிரேக்கைத் தாங்களே கழற்ற வேண்டாம். அழுத்தம் சேர்த்து வைக்கிற அமைப்புகளில் கை வைத்தால் ஆபத்து, பழகியவர்கள்தான் தொட வேண்டும். நம்மால் முடிந்தது மூன்று. சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வர நினைக்காமல் இழுவை வண்டியைக் கூப்பிடுவது. எரர் கோட்டை எழுதி வாங்கிக்கொள்வது. யூனிட்டை மாற்று என்று சொன்னால், "வரும் கரண்டையும் எர்த்தையும் சுமையோடு சோதித்தீர்களா?" என்று மரியாதையாகக் கேட்பது. சில நேரம் யூனிட் உண்மையிலேயே போயிருக்கும், அப்போது காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்ட பிறகு கொடுங்கள். இன்னொன்றும் யோசித்தேன். எர்த்தைப் பார்க்காமல் புது யூனிட் போட்டிருந்தால், அதே அழுகிய எர்த்தில் அது கொஞ்ச நாள் ஓடியிருக்கும். அப்புறம் இன்னொரு சிக்னல், இன்னொரு வேன். காசு கூட இரண்டாம் பட்சம்தான்.

அன்று ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"எர்த்தான் சித்தப்பா."

மறுமுனையில் டீ உறிஞ்சுகிற சத்தம். சொன்னேனே என்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"பிள்ளைங்க பயந்துட்டாங்களா?"

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டித் தொடச்சுப் போடச் சொல்லுப்பா. உப்பு எந்த ஊர்ல இருந்தாலும் உப்புத்தான்" என்றார்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்னால் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.